தாஷாவுக்கு முப்பது எம்.பி.

முப்பத்திரண்டு வயதில் ரிட்டயர் ஆகிவிட்டேன் என்று சொன்னால், புனேயில், வானவடியில் எங்கள் கட்டடத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அதுதான் உண்மை. என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. நானும் கோபித்துக்கொண்டு வரவில்லை. ஹார்ட் டிஸ்க்குகள் வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போயின. இடத்தைக் காவல் காக்க ஓர் ஆள் எதற்கு என்ற நாள் வந்தது. அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

சென்ற மாதம், அந்த ஸ்டூடியோவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சென்னைப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, உங்க அலமாரியில நாலு தடி ரெஜிஸ்டர் இருக்கு. மேல 'கண்டம்னேஷன் போர்டு'ன்னு எழுதியிருக்கு. எந்த பில்டிங்கை இடிச்சீங்க?"

"பில்டிங் இல்லம்மா. புல்லாங்குழல், பியானோ, அந்த மாதிரி."

அவளுக்குப் புரியவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தேன். ஆறு மாதம் டி.வி. ரிப்பேர், ஒரு வருடம் ஸ்பீக்கர் கம்பெனி, அதன் பிறகு கர்வே ரோட்டில் இருந்த இந்த ஸ்டூடியோ. மராத்தி சீரியல்களுக்குப் பின்னணி இசை, விளம்பரப் பாட்டு, கணபதி ஆல்பம் எல்லாம் அங்கே நடக்கும். என் வேலை வாசிப்பது இல்லை, பதிவு செய்வதும் இல்லை. ஒலிகளை வைக்கிற இடத்தைப் பார்த்துக்கொள்வது. கட்கியில் எங்கள் வீட்டில் இதை விளக்கியபோது அம்மா கேட்டாள்: "பாட்டு கம்பெனில கோடவுன் கீப்பரா? இதுக்கா மூணு வருஷம் படிச்ச?"

அம்மா சொன்னது கிட்டத்தட்ட சரி. அப்போது சாம்ப்ளர் என்று ஒரு மெஷின் உண்டு. ஒரு வாத்தியத்தின் ஒலியைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து அதற்குள் ஏற்றிவிட்டால், கீபோர்டில் விரல் வைத்ததும் அந்த வாத்தியமாகவே ஒலிக்கும். அதன் மெமரி முப்பத்திரண்டு எம்.பி. புதிதாக ஒன்றை ஏற்றினால் பழையது போய்விடும். கரண்ட் போனால் எல்லாம் போய்விடும். ஆகவே ஒலிகள் நிரந்தரமாக இருக்கும் இடம், அதோடு இணைந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்றுக்கு ஒரு ஜிபி. மெஷின் அவற்றை அறுபது எம்.பி. அறைகளாகத்தான் பிரித்துக்கொள்ளும். மொத்தம் முப்பத்திரண்டு அறை. அதற்குள் ஸ்டூடியோவின் சொந்தச் சொத்து முழுவதும் இருந்தாக வேண்டும். கடையில் வாங்கிய சிடிக்களை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைக்க அனுமதி இல்லை. அது ஊதாரித்தனம் என்பார் பால்ராஜ் சார்.

பால்ராஜ் சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஏர்ஃபோர்ஸ் ஸ்டோர்ஸில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்து, லோஹேகாவ் விமானத்தளத்தில் வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்று, அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். மைக்கும் கேபிளும் காணாமல் போகிறதே என்று ஸ்டூடியோ முதலாளி அவரை வேலைக்கு வைத்தார். ஒலிகளும் 'சாமான்'தானே என்று ஹார்ட் டிஸ்க்குகளும் அவர் பொறுப்புக்கு வந்தன. இசை அவருக்குத் தெரியாது. "எனக்கு மார்ச் பாஸ்ட் ஒண்ணுதான் தெரியும். லெஃப்ட், ரைட். பொறவு எல்லாம் சாமான்" என்பார். ஆனால் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்பது பார்க்காமலே தெரியும். நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு சோதனையாக, இரண்டாவது டிஸ்க் ஏழாவது அறையில் என்ன என்று கேட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "சாரங்கி ரெண்டு செட் நாப்பத்தொரு எம்.பி., மஞ்சீரா ஒம்பது, பாக்கி காலி" என்றார். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். காலி இடம் பத்து.

அவர் ஏற்படுத்திய வழக்கம்தான் கண்டம்னேஷன் போர்டு. ராணுவத்தில் ஒரு பழைய நாற்காலியைத் தூக்கிப் போடுவதென்றாலும் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்து, 'இது உதவாது' என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்கள் ஸ்டூடியோவிலும் ஓர் ஒலியை அழிக்க மூன்று கையெழுத்து: பால்ராஜ் சார், நான், இசையமைப்பாளர் ஹேமந்த் தாதா. தாதா என்றால் அங்கே அண்ணன். மாதம் இரண்டு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு மூன்று நாற்காலி போட்டு உட்காருவோம். ஃபார்மில் நான்கு கேள்வி இருந்தது. கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது? யார் எடுத்தது? நகல் சிடி உண்டா? அழித்தால் யார் அழுவார்கள்? நான்காவது, ஹேமந்த் தாதா கிண்டலுக்குச் சொன்னது. சார் அதை முக்கியமான கேள்வி என்று டைப் அடித்துச் சேர்த்துவிட்டார்.

முதல் கேள்விக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று சொன்னது நான். ஆறு மாதம் யாரும் எடுக்காத ஒலி தானாகப் போர்டுக்கு வர வேண்டும். சாருக்கு அது பிடித்திருந்தது. விதியை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நடத்தினோம், ஒன்றைத் தவிர. ஒன்பதாவது அறையில் பாதியை அடைத்துக்கொண்டு சாரின் விமானங்கள் இருந்தன. லோஹேகாவ் வீட்டு மொட்டைமாடியில் நின்று அவரே பதிவு செய்தவை. போர் விமானம் ஏறுவது, இறங்குவது, தலைக்கு மேல் போவது. ஒரே ஒரு சீரியலுக்குக்கூட அவை பயன்படவில்லை. ஒவ்வொரு தடவை போர்டுக்கு வரும்போதும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "அடுத்த தடவை பாத்துக்கிடலாம்" என்பார். நாங்களும் ஒத்திவைத்ததாகக் கையெழுத்துப் போடுவோம்.

இனி தாஷா. கழுத்தில் தொங்கவிட்டு இரண்டு மெல்லிய குச்சியால் அடிக்கிற சட்டி வடிவச் சிறு பறை. கணபதி ஊர்வலத்தில் பெரிய டோல்களுக்கு முன்னால் போவது அதுதான். எங்களுக்கு வாசித்தவர் தத்தா பாவ், நகரப் பேருந்தில் கண்டக்டர். கணபதிக்குச் சில வாரம் முன்பு, லீவு போட்டு மூன்று நாள் வந்தார். மழைக்காலத்தில் தோல் இளகிவிடும் என்பதால் ஸ்டூடியோ ஹாலோஜன் விளக்கைக் கீழே இறக்கி, இரண்டு டேக்குக்கு ஒரு தடவை தோலைக் காய வைத்தோம். ஒவ்வொரு அடியையும் பல அழுத்தங்களில் வாசித்தார். பலமான அடிகளும், இரண்டு குச்சியும் இடைவிடாமல் உருளும் அவருடைய பெயர்பெற்ற உருட்டும் ஒரு செட், முப்பது எம்.பி. மெதுவான அடிகள் இன்னொரு செட், அதுவும் முப்பது. சேர்த்துப் பதினோராவது அறை.

அந்தத் தீபாவளி சமயத்தில் தத்தா பாவ் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். வலது மணிக்கட்டில் கம்பி வைத்தார்கள். டிசம்பரில் ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்து தன் உருட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார். இரண்டு தடவை கேட்டார். வேலைக்கு எடுத்ததில்லை என்பதால் அது ரெஜிஸ்டரில் ஏறவில்லை. "டிக்கெட் கிழிக்க வருது. இது இனிமே வராது. பத்திரமா வெச்சுக்கோங்க" என்று மராத்தியில் சொல்லிவிட்டுப் போனார். ரொம்ப இயல்பாகத்தான் சொன்னார்.

மார்ச் மாதம். ஹேமந்த் தாதா மும்பை நண்பரிடம் இரண்டு அருமையான பியானோக்களை மூன்று நாள் இரவலாக வாங்கி வந்திருந்தார். ஏற்றிக்கொள்ள ஓர் அறை வேண்டும். புதன்கிழமை போர்டு கூடியது. பட்டியலை நான்தான் தயாரித்தேன். சார் வழக்கம்போலப் பெயர் சொல்லாமல் நம்பர் சொல்லி வாசித்தார்.

"டிஸ்க் ஒண்ணு, அறை பதினொண்ணு. ஆறு மாசம் ஆச்சு. எடுத்தது ஹேமந்த். நகல் சிடி?"

"இருக்கு சார். டிக் போட்டிருக்கேன்."

"அழுகிறது யாரு?"

ஹேமந்த் தாதா போனில் பேசிக்கொண்டே, "யாரும் இல்ல வாரண்ட் சாப், சாயா சொல்லுங்க" என்று கையெழுத்துப் போட்டார். பதினொன்று தாஷா என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் சாருக்கும் தெரியும். வருடத்தில் பெரும்பாலும் ஒரே பருவத்தில் ஒலிக்கிற வாத்தியம், மார்ச்சில் ஆறு மாதம் சும்மா இருக்கத்தான் செய்யும். புனேயில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு அது தோன்றவில்லை. பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை. சிடிதான் இருக்கிறதே, வேண்டும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று நானே அழித்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு பியானோவும், மெமரியைத் தொடாமல் டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நகலாகி, பதினோராவது அறைக்குள் போயின. இரவல் டிஸ்க் மும்பை பஸ் ஏறியது.

மறுநாள் வியாழன். புனேயில் வியாழன் என்றால் மின்சார வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாள். எங்கள் பகுதிக்குக் காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை. சாம்ப்ளரை வாரத்தில் அன்று ஒரு நாள்தான் அணைப்போம். யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும், அதுவும் காகிதத்தில்.

நான் எட்டேகாலுக்குப் போனேன். ஹேமந்த் தாதா எனக்கு முன்பே வந்து கீபோர்டில் தாஷா வாசித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய சீரியலில் மராத்திப் புத்தாண்டான குடி பாட்வா ஊர்வலக் காட்சி. முந்தைய நாள் காலையில், ரெஜிஸ்டரில் எழுதாமல், அறை நம்பரைப் பார்க்காமல் பெயரைத் தேடி, தானே பலமான செட்டை ஏற்றியிருக்கிறார். எழுதியிருந்தால் அது போர்டுக்கே வந்திருக்காது. எழுதாமல் ஏற்றியதால்தான் மெமரியில் இருந்தது.

"விஜி, அந்த மெதுவான செட்டையும் கொஞ்சம் எடு. அடுத்து அதை ஏத்திப் பாக்கணும்."

ரெஜிஸ்டரைத் திருத்திவிட்டு அலமாரியிலிருந்து சிடியை எடுத்துப் போட்டேன். படிக்க முடியவில்லை என்று மெஷின் சொன்னது. துப்பட்டாவால் துடைத்துப் போட்டேன். மறுபடியும் அதே. என் கையெழுத்தில், என் டிக்கோடு இருந்த சிடி. எழுதி முடித்தவுடன் டிக் போட்டிருக்கிறேன். திருப்பிப் படித்துப் பார்த்து டிக் போடவில்லை.

"ஹேமந்த் தாதா, கீபோர்டுலேர்ந்து கையை எடுங்க."

"ஏன், ஷாக் அடிக்குமா?"

"இப்ப நீங்க வாசிக்கிறது ஒண்ணுதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். மணி எட்டு இருபத்தைந்து. மெதுவான செட் போய்விட்டது. உருட்டு, கரண்ட் இருக்கும்வரை.

சேமிக்க முப்பது எம்.பி. இடம் வேண்டும். மொத்த டிஸ்க்கிலும் பத்தும் எட்டுமாகத்தான் காலி. எதையாவது அழிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நகல் சிடி உண்டு என்று என் ரெஜிஸ்டர் சொன்னது. ஆனால் என் டிக்கை இனி நானே நம்ப முடியாது. ஒரு சிடி நல்லதா என்று தெரிய, அதைச் சாம்ப்ளரில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றினால் தாஷா போய்விடும். பியானோக்களுக்கு நகலே இல்லை.

"ஏதாவது ஒண்ணை அழி, நான் பிறகு கையெழுத்துப் போடுறேன்" என்றார் ஹேமந்த் தாதா.

"எதை?"

அவர் பட்டியலைப் பார்த்தார். சாரங்கியில் விரலை வைத்தார், எடுத்தார். சந்தூரில் வைத்தார், எடுத்தார். "நீ சொல்லு" என்றார்.

நானும் சொல்லவில்லை. முந்தைய நாள் ஒரு பட்டியலை நம்பி அழித்தவள், இன்றும் அதே பட்டியலை வைத்து அழிப்பதா? மேஜையில் பதினொரு ஃப்ளாப்பி இருந்தது. ஒரு ஃப்ளாப்பியில் ஒன்றரை எம்.பி. சொச்சம் ஏறும். முதலில் உருட்டு என்று ஆரம்பித்தேன். ஒவ்வொன்றும் சுற்றிச் சுற்றி எழுதும்போது ஹேமந்த் தாதா பக்கத்தில் நின்று, "சல், சல்" என்று மாட்டை ஓட்டுவதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டே முக்காலுக்குள் ஐந்து எழுதினேன். அதில் ஒன்று கெட்டுப்போன ஃப்ளாப்பி.

எட்டே முக்காலுக்கு பால்ராஜ் சாரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டோடு உள்ளே வந்தவரிடம் நின்றபடியே சொன்னேன். என்ன அழிந்தது, எது மிச்சம், எவ்வளவு இடம் வேண்டும். அவர் திட்டவில்லை.

"சிடி போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"ரெண்டு தடவை போட்டேன் சார்."

"மத்த சிடி?"

"பாக்க முடியாது சார். ஏத்தினா இது அழியும்."

"டீக் ஹை. போர்டு கூடியாச்சு, உக்காருங்க."

"சாப்!" ஹேமந்த் தாதா கிட்டத்தட்ட அழுதார். "பத்து நிமிஷம்தான் இருக்கு!"

"ஒரு நிமிஷம் போதும் வே, உக்காரும்."

உட்கார்ந்தோம். சார் ஃபார்மை எடுத்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே எழுதினார். "டிஸ்க் ஒண்ணு, அறை ஒம்பது, முதல் பாதி. கடைசியா எடுத்தது, யாரும் இல்ல. நகல், இல்ல." பேனா நின்றது. "அழுகிறது யாரு?"

ஹேமந்த் தாதா என்னைப் பார்த்தார்.

"கேக்குதேன்லா?"

"நீங்க சார்" என்றேன்.

"எழுதிக்கிடுதேன்." பால்ராஜ் என்று அந்தக் கட்டத்தில் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் தள்ளினார். நான் போட்டேன், ஹேமந்த் தாதா போட்டார். விமானங்களை அழிக்கும் பொத்தானைச் சார்தான் அமுக்கினார். மெஷின் 'நிச்சயமாகவா' என்று கேட்டது. மறுபடியும் அமுக்கினார்.

எட்டு ஐம்பதுக்குச் சேமிக்க ஆரம்பித்தேன். பாதிகூட ஆகவில்லை, ஐந்து நிமிடம் முன்னதாகவே கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. சார் தரையில் மண்டியிட்டு, சாம்ப்ளரையும் டிஸ்க்கையும் விட்டுவிட்டு மிக்ஸர், கம்ப்யூட்டர், டேப் மெஷின் எல்லாவற்றின் பிளக்கையும் உருவினார். ஹேமந்த் தாதா ஒவ்வொன்றையும் வாங்கிப் பூங்கொத்து மாதிரிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். யுபிஎஸ்ஸின் கத்தல் வேகமாகியது. ஒன்பது இரண்டுக்கு மெஷின் முடிந்தது என்றது. சரியாகச் சேர்ந்ததா என்று ஏற்றிப் பார்க்க நேரம் இல்லை. அணைத்தேன். மெமரி போனது.

நான்கு மணிவரை எதுவும் தெரியாது. ஹேமந்த் தாதா எங்களைக் காரமான மிசல் சாப்பிட இழுத்துப் போனார். நான் பாவ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். சார் இரண்டு தட்டு சாப்பிட்டார். திரும்பி வந்து ஜன்னல் வெளிச்சத்தில் முதலாளிக்கு இழப்பு அறிக்கை எழுதினார். பொறுப்பு என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

"சார், டிக் போட்டது நான்."

"கையெழுத்து மூணு இருக்கு. மேல இருக்கது என்னோடது."

"என் பேரும் எழுதுங்க சார்."

 சார் பேனாவை நீட்டினார். நானே எழுதினேன். ஹேமந்த் தாதாவும் பேனாவை வாங்கி, 'ரெஜிஸ்டரில் எழுதாமல் எடுத்தவன்' என்று தன் பெயருக்குக் கீழே சேர்த்தார். முதலாளி அதைப் படித்தாரா என்று தெரியாது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான்கு பத்துக்குக் கரண்ட் வந்தது. ஏற்றினேன். ஹேமந்த் தாதா விரலை வைத்தார். உருட்டு வந்தது. ஒவ்வொரு அடியாக, ஒவ்வொரு அழுத்தமாக முழுவதும் கேட்டோம். எல்லாம் இருந்தது. அன்று ஆரம்பித்து ஒரு மாதம், அலமாரியிலிருந்த சிடி அத்தனையையும் ஏற்றிக் கேட்டுத்தான் டிக் போட்டேன். மூன்று சிடி கெட்டிருந்தன.

தத்தா பாவிடம் சொல்ல வேண்டும் என்று சார் பிடிவாதமாக இருந்தார். "உருட்டு இருக்கே, அவருக்கு எதுக்குச் சங்கடம்?" என்றார் ஹேமந்த் தாதா. "பாதி போச்சுல்லா. அவன் சாமான், அவனுக்குத் தெரியணும்" என்றார் சார். வாராந்திர விடுமுறையில் தத்தா பாவை வரவழைத்தோம். சார் எழுந்து நின்று, தன் ஏர்ஃபோர்ஸ் ஹிந்தியில், நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

தத்தா பாவ் கேட்டது ஒன்றுதான். "எது போச்சு?"

"மெதுவா அடிச்சது" என்றேன்.

அவர் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "பெரிய ஆளுங்கதான் நீங்க. உருட்டைத் தொலைச்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? மெதுவா அடிக்கிறது இந்தக் கைக்கு வருமே! வீட்டுல தினம் அதைத்தான் அடிக்கிறேன், பொண்டாட்டி திட்டாத அளவுக்கு."

ஏப்ரலில் மறுபடி பதிவு செய்தோம். வெயிலில் தோல் தானே முறுக்கேறியிருந்தது. விளக்கு தேவைப்படவில்லை. நான்கு அடிக்கு ஒரு தடவை கையை உதறிக்கொண்டார், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. மூன்று நாளில் முடிய வேண்டியது ஆறு நாள் ஆனது. முடிந்ததும் பழைய உருட்டையும் புதிய மெதுவான அடிகளையும் அடுத்தடுத்து ஏற்றி வாசித்துக் காட்டினார் ஹேமந்த் தாதா.

"ஒரே ஆள் மாதிரி இருக்கா?" என்று தத்தா பாவ் கேட்டார்.

"அப்படியே இருக்கு!" என்றார் ஹேமந்த் தாதா.

"இல்ல" என்றார், தாளம் தெரியாத பால்ராஜ் சார். "ரெண்டும் வேற."

 தத்தா பாவ் மெல்லத் தலையசைத்தார். "சாப் சொல்றதுதான் சரி. இது கொஞ்சம் யோசிச்சு அடிக்குது."

ஆகவே ரெஜிஸ்டரில் இரண்டு சாமானாக, இரண்டு வரியில் எழுதினோம். சிடியை ஏற்றிக் கேட்டு, டிக் போட்டு, நிலை என்ற கட்டத்துக்கு வந்தேன். ஸ்டோர்ஸ் வழக்கப்படி அதில் ஒரே ஓர் எழுத்துதான் போட வேண்டும். பேனாவைச் சார் வாங்கி 'எஸ்' என்று போட்டார்.

தத்தா பாவ் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அது என்ன எழுத்து?"

"சர்வீசபிள்" என்றேன். "வேலைக்கு ஆகும்னு அர்த்தம்."

அவர் அந்த எழுத்தைப் பார்த்தார். வலது கையை நீட்டி, விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தார். இரண்டு மணி ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.